‘நிரந்தரத் தீர்வு’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், சீரற்ற இதயத்துடிப்புக்குப் பலூனைக் கொண்டு உறைய வைத்துச் செய்யும் சிகிச்சையைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் இசிஜி டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதே சிகிச்சையை மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட என் அண்ணனுக்கு மருத்துவமனையில் துணைக்கு இருந்தவளும் நானே. கட்டுரையாளர் கருவி இயங்கும் விதத்தைப் பிழையின்றி விளக்கியிருக்கிறார். படங்களும் நன்றாக இருந்தன. என் மறுப்பு இரண்டு வாக்கியங்களைப் பற்றியது. ‘இச்சிகிச்சையால் சீரற்ற துடிப்பு நிரந்தரமாகக் குணமாகிறது’ என்பது ஒன்று. ‘அதன்பின் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளும் தேவைப்படாது’ என்பது மற்றொன்று. முதல் வாக்கியம் மிகை. இரண்டாவது, நம்பிச் செயல்படுபவரைப் படுக்கையில் தள்ளக்கூடியது.

கட்டுரை வந்த அன்று காலையிலேயே எங்கள் எதிர்வீட்டு அக்கா தாளும் கையுமாக வந்துவிட்டார். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, ரத்தம் உறையாமலிருக்க இருபது ஆண்டுகளாக அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டு, மாதந்தோறும் ரத்தம் கொடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு பார்த்து வருபவர் அவர். பேருந்து மாறிப் போய்ப் பரிசோதனைக்கூடத்தில் காத்திருப்பது அவருக்கு அலுத்துப்போயிருக்கிறது. “இதைச் செய்துகொண்டால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று போட்டிருக்கிறதே, எனக்கு ஆகுமா?” என்று கேட்டார். ஆகாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். ஏன் ஆகாது என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த விளக்கத்தைத்தான் தங்களுக்கும் எழுதுகிறேன்.

மருத்துவர்கள் ஏஎஃப் என்று சுருக்கிச் சொல்லும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை வெறுமனே உதறிக்கொண்டிருக்கும். கீழறைகள் அவற்றுள் சிலவற்றை மட்டும், எந்தக் கணக்குக்கும் உட்படாமல், ஏற்றுத் துடிக்கும். இசிஜி தாளில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் சிறு மேடாக வரவேண்டிய பி அலை இராது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஆனால் ஒரு தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்று உண்டு: இது வந்துபோகிற வகையா, நிலைத்துவிட்ட வகையா என்பது. தானாகவோ சிகிச்சையாலோ ஏழு நாள்களுக்குள் அடங்கிவிட்டால் முதல் வகை. ஏழு நாள்களைத் தாண்டி நீடித்தால் இரண்டாவது வகை. ஓராண்டையும் தாண்டிவிட்டால் நெடுநாள் நிலைத்த வகை. தங்கள் கட்டுரை இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து, முதல் வகைக்குக் கிடைத்த பலனை எல்லோருக்கும் பொதுவாக்கி எழுதிவிட்டது. பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் தலைமையிலான மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் இச்சிகிச்சையின் கதை தொடங்குகிறது. அடிக்கடி ஏஎஃப் வந்துபோகும் 45 நோயாளிகளின் இதயத்துக்குள் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறான மின் துடிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று அவர்கள் தேடினார்கள். கண்டறிந்த 69 இடங்களில் 65 இடங்கள், நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள்ளே இருந்தன. மேலறையின் தசை சட்டைக் கைபோல அச்சிரைகளுக்குள் சிறிது தூரம் நீண்டிருக்கிறது. கலகம் அங்கேதான் பிறக்கிறது. எனவே சிரையின் வாயைச் சுற்றி ஒரு வளையமாகத் தசையைச் செயலிழக்கச் செய்துவிட்டால், உள்ளே கிளம்பும் மின்சாரம் மேலறைக்கு வந்து சேராது. ரேடியோ அலையின் சூட்டால் புள்ளி புள்ளியாகச் சுட்டு அவ்வளையத்தை உண்டாக்குவது ஒரு முறை. குளிரால் ஒரே வீச்சில் உண்டாக்குவது பலூன் முறை. தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாகக் கதீட்டரைச் செலுத்தி, இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஊசியால் சிறு துளையிட்டு இடது மேலறைக்குள் போய், பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள பலூனை விரித்துச் சிரையின் வாயை அடைப்பார்கள். பிறகு பலூனுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு பாயும். பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குப் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயுவும் இதுதான். திரவமாக வந்து வாயுவாக விரியும்போது அது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, பலூனுக்குள் பூஜ்யத்துக்குக் கீழே 40, 50 டிகிரி வரை குளிர்ந்துவிடும். ஒரு சிரைக்கு மூன்று அல்லது நான்கு நிமிடங்கள். ஈரக்கையால் ஃப்ரீசரின் உட்சுவரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்வதைப் போல, உறையும்போது பலூன் தசையோடு ஒட்டிக்கொண்டு நழுவாமல் நிற்பது இம்முறையின் ஒரு வசதி.

இந்த அளவுக்குத் தங்கள் கட்டுரையோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் சிரையின் வாயை அடைப்பது யாருக்குப் பயன் தரும்? கலகம் இன்னமும் சிரைக்குள்ளேயே இருப்பவருக்கு. நிலைத்துவிட்ட ஏஎஃப் உள்ளவரின் மேலறையே மாறிப்போயிருக்கும். இதை நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாரிட்ஸ் அலெஸி குழுவினர் வெள்ளாடுகளைக் கொண்டு 1995இல் காட்டினார்கள். நலமாக இருந்த ஆடுகளின் மேலறையில் கருவி மூலம் ஏஎஃப்பைத் தூண்டி, அது அடங்கும்போதெல்லாம் மீண்டும் தூண்டிக்கொண்டே இருந்தார்கள். தொடக்கத்தில் சில நொடிகளில் தானே அடங்கிய உதறல், நாளாக நாளாக நீண்டு, ஓரிரு வாரங்களுக்குள் பெரும்பாலான ஆடுகளில் அடங்காமல் நிலைத்துவிட்டது. தூண்டிய கருவி பிறகு தேவைப்படவே இல்லை. மனித இதயத்திலும் இப்படித்தான்: மாதங்கள் செல்லச் செல்ல மேலறை விரிந்து, தசைக்கிடையே தழும்பு படர்ந்து, கலகக்காரன் தெருவிலிருந்து ஊருக்குள் குடிவந்துவிடுகிறான். அதன்பின் தெருமுனையை மட்டும் அடைத்தால் முழுப் பலன் எப்படிக் கிடைக்கும்?

எண்களும் இதையே சொல்கின்றன. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசின் எஃப்டிஏ அமைப்பு இந்தப் பலூனுக்கு 2010 டிசம்பரில் அனுமதி தந்தது வந்துபோகும் வகைக்கு மட்டுமே. நிலைத்த வகைக்கு அனுமதி கிடைக்க 2020 ஆயிற்று. அதுவும், மருந்துக்கு அடங்காமல், ஆறு மாதங்களுக்குக் குறைவாக நீடித்த ஏஎஃப்புக்குத்தான். அதற்கு ஆதாரமாக அமைந்த ஆய்வில், அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் 165 பேருக்குச் சிகிச்சை செய்யப்பட்டு, ஓராண்டு முடிவில் கோளாறு திரும்பாமல் இருந்தவர்கள் 54.8 சதவீதம். ஐரோப்பாவில் 101 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில் ஏறத்தாழ 61 சதவீதம். பாதிக்குச் சற்று மேலே என்பதை ‘நிரந்தரம்’ என்று எந்த அகராதியும் சொல்லாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வாய்வுகளில் தோல்வி என்பதன் இலக்கணம் மிகக் கடுமையானது. முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு 30 நொடிகள் நீடித்த ஒரேயொரு கோளாறு பதிவானாலும் அந்த நோயாளி தோல்விக் கணக்கில் சேர்ந்துவிடுவார். இரவும் பகலும் உதறிக்கொண்டிருந்த இதயம் மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் மட்டும் உதறுமானால், ஆய்வுக்கு அது தோல்வி. மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தவருக்கு அது பெரிய விடுதலை. எனவே 54.8 என்ற எண்ணைப் பார்த்து இது வீண் சிகிச்சை என்று யாரும் முடிவு கட்டிவிடவும் கூடாது.

அப்படிக் கட்டக்கூடாது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஓர் ஆய்வு. இதயச் சிகிச்சையில் கிடைக்கும் நிம்மதியில் எவ்வளவு சிகிச்சையால், எவ்வளவு ‘பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய வைத்தியம் செய்தாகிவிட்டது’ என்ற நம்பிக்கையால் என்று பிரித்துப் பார்க்கத் துணிபவர்கள் குறைவு. இந்த ஆய்வாளர்கள் துணிந்தார்கள். அறிகுறிகளோடு வந்த 126 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பலூனால் உறைய வைத்தார்கள். மறு பாதியினரை அதே அறைக்கு அழைத்துச் சென்று, மயக்கமளித்து, மூச்சுவிட உதவும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை மட்டும் தூண்டிவிட்டு, உறைய வைக்காமலேயே அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. தோலுக்கடியில் வைத்த சிறு பதிவுக் கருவி மட்டும் எல்லோருடைய துடிப்பையும் எழுதிக்கொண்டிருந்தது. ஆறு மாதங்களில், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏஎஃப்பில் கழியும் நேரம் 60 சதவீதம் குறைந்தது. பொய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 35 சதவீதம் குறைந்தது. அன்றாட வாழ்வின் தரமும் முதல் அணிக்கே கூடுதலாக உயர்ந்தது. ஆக, பலூன் வேலை செய்கிறது என்பது உறுதி. உறைய வைக்கப்படாதவர்களுக்கும் 35 சதவீதம் குறைந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான், ‘நான் செய்துகொண்டேன், சரியாகிவிட்டது’ என்று ஒருவர் இருவர் சொல்வதை வைத்துக் கட்டுரை எழுதுவதில் உள்ள ஆபத்து புரியும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இக்கடிதம் எழுதத் தூண்டியதே அதுதான். மேலறை உதறும்போது, இடது மேலறையின் ஓரத்தில் காது மடல்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஏஎஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. அசிட்ரோம், வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகட்ரான் எல்லாம் தருவது இதைத் தடுக்கத்தான். பலூன் சிகிச்சை முடிந்தவுடன் உறைந்த இடம் ஆறும்வரை கட்டி உண்டாகும் ஆபத்து கூடுகிறது என்பதால், குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கு எல்லோருமே மாத்திரையைத் தொடர வேண்டும். அதற்குப் பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்பதை, இசிஜி சீராக வந்ததா என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் தளர்ச்சி, முன்பு வந்த பக்கவாதம், ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். என் அண்ணனுக்கு வயது 67, ரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை உண்டு. மொத்தம் மூன்று மதிப்பெண். இசிஜி எவ்வளவு அழகாக வந்தாலும் அவருடைய மருத்துவர் அபிக்சபானை நிறுத்தவில்லை.

தென் கொரியாவில் 840 பேரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வு, சிலருக்கு மாத்திரையைப் பாதுகாப்பாக நிறுத்த முடியும் என்று காட்டியிருப்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள், சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்கு மேல் கோளாறு திரும்பவில்லை என்று உறுதி செய்யப்பட்டவர்கள். ஓராண்டுக்கு மேல் கண்காணித்த பிறகு மருத்துவர் நிறுத்தச் சொல்வது வேறு. ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை நாமாக நிறுத்துவது வேறு.

எதிர்வீட்டு அக்காவின் நிலை இதிலும் சேராது. மூட்டுக் காய்ச்சலால், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு, தடைபட்ட ரத்தத்தின் அழுத்தத்தால்தான் மேலறை பெருத்து உதறத் தொடங்குகிறது. வால்வைக் கவனிக்காமல் சிரை வாயை மட்டும் உறைய வைப்பது அங்கே தீர்வாகாது. பலூன் ஆய்வுகளில் இத்தகையவர்கள் பொதுவாகச் சேர்க்கப்படுவதும் இல்லை. ஐரோப்பாவில் இந்நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் நாட்டில் மறையவில்லை. என் பணிக்காலத்தில் இளவயதில் ஏஎஃப்போடு வந்தவர்கள் பலருக்கும், அதிலும் பெண்களுக்கு, காரணம் இதுவாகவே இருந்தது. இவர்களுக்கு ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைகள்கூடப் பொருந்துவதில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் உள்ளிட்டோர் முன்னின்று, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ரிவராக்சபானைவிட வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரையே இவர்களின் உயிரைக் கூடுதலாகக் காத்தது தெரிந்தது. அக்காவின் மாதாந்தர அலைச்சலுக்கு இப்போதைக்கு மாற்று இல்லை. தங்கள் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்.

பக்க விளைவுகளையும் கட்டுரை ‘மிகக் குறைவு’ என்று கடந்துவிட்டது. கடுமையானவை குறைவுதான். நிலைத்த வகையில் நடந்த அந்த 165 பேர் ஆய்வில் ஒருவருக்கே பெரிய பாதிப்பு ஏற்பட்டது. ஆனால் பலூன் முறையில் கூடுதலாகக் காணப்படும் ஒரு சிக்கலை மட்டும் சொல்லியிருக்கலாம். வலப்பக்கச் சிரைகளை ஒட்டியே உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இறங்குகிறது. குளிர் அதையும் எட்டிவிடக்கூடும் என்பதால், உறைய வைக்கும்போதே அந்நரம்பைத் தூண்டி, நோயாளியின் விலாவுக்குக் கீழே கை வைத்து உதரவிதானம் துள்ளுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்; துள்ளல் தளர்ந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள். தொடக்ககால ஆய்வு ஒன்றில் 259 முறை சிகிச்சை செய்ததில் 29 முறை இந்நரம்பு பாதிக்கப்பட்டது. பெரும்பாலானவை பின்னர் சரியாகிவிட்டன. பலூனும் கண்காணிப்பும் மேம்பட்டபின் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது.

என் அண்ணன் அந்த நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் ஒருவராகிப்போனார். எட்டு மாதங்களாக நிலைத்திருந்த ஏஎஃப். ஷாக் கொடுத்துச் சீராக்கியும் ஆறு வாரங்கள்தான் தாங்கியது. துடிப்பைச் சீராக்கத் தந்த அமியோடரோன் மாத்திரையால் தைராய்டு கெட்டது. அதன்பிறகே வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் பலூன் சிகிச்சைக்குச் சம்மதித்தார். மூன்றாம் நாள் வீடு திரும்பியவருக்கு, குனிந்து செருப்பு மாட்டினால்கூட மூச்சு இரைத்தது. எக்ஸ்ரே எடுத்தபோது வலப்பக்க உதரவிதானம் மேலேறி நின்றது. ஐந்து மாதங்களில் சரியாகிவிட்டது என்றாலும், அந்த ஐந்து மாதங்களும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இப்படி ஒன்று நடக்கலாம் என்று முன்னதாக எங்களிடம் சொல்லவில்லையே என்று கேட்டபோது, கையெழுத்திட்ட படிவத்தில் ஆறாவது வரியில் இருக்கிறது என்று காட்டினார்கள். இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை பார்த்த நானே அதைப் படிக்காமல்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மருத்துவரின் கைத்திறனில் நான் குறை காணவில்லை. படிவம் தமிழில் இருந்திருக்கலாம், அல்லது யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கலாம்.

இரண்டாவது வாரத்திலேயே துடிப்பு மீண்டும் தாறுமாறானதும் பணம் போயிற்று என்று பதறினோம். முதல் இரண்டு மூன்று மாதங்களில் வருவதை, தசை ஆறும்போது வரும் எரிச்சலாகக் கருதித் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பிறகு ஓராண்டு சீராக இருந்தது. பதினான்காம் மாதம் திரும்ப வந்து, இப்போது எப்போதாவது சில மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போகிறது. அண்ணன் தினமும் காலையில் தாமிரபரணிக் கரை வரை நடக்கிறார். சிகிச்சைக்கு முன் தெருமுனைக் கடை வரை போகவே இரண்டு முறை நிற்பார். இதைத் தீர்வு என்பதா, தணிவு என்பதா? அவரைக் கேட்டால் செலவழித்த சில லட்சங்கள் வீணில்லை என்றுதான் சொல்வார். ஆனால் குணமாகிவிட்டது என்று அவரும் சொல்லமாட்டார்.

சிகிச்சைக்குப் பணம் சேர்க்கும் வேளையில் செலவில்லாத இரண்டைக் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015இல் வெளியான ஆய்வில், உடற்பருமனோடு இருந்த ஏஎஃப் நோயாளிகளில் எடையைப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்கள், கோளாறின்றி இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்காயிற்று. அதே நாட்டில் வழக்கமாகக் குடித்துவந்த 140 பேரை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், குடியை நிறுத்தச் சொன்ன பாதியினரில் 53 சதவீதத்தினருக்கும், வழக்கப்படி குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும் ஆறு மாதங்களுக்குள் ஏஎஃப் திரும்பியது. பலூன் செய்துகொண்டாலும் இவை தேவை, செய்துகொள்ளாவிட்டாலும் தேவை.

அதைவிட முக்கியம், நிலைத்துப்போவதற்குள் கண்டுபிடிப்பது. ஆடுகளின் கதை சொல்வது அதைத்தான். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியைப் பார்த்தால், தாளம் தவறுகிறதா என்று எவருக்கும் தெரிந்துவிடும். நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் சகோதரிகள், அந்த ஒரு நிமிடத்தையும் சேர்த்துக்கொண்டு, சந்தேகம் தட்டினால் இசிஜி எடுக்க அனுப்பிவைத்தால், எத்தனையோ பேரை முதல் வகையிலேயே பிடித்துவிடலாம். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு டிஜிட்டல் கருவி காட்டும் ரத்த அழுத்த அளவும் ஒருமுறைக்கு ஒருமுறை மாறும். அப்படி மாறுவதே விரல் வைத்துப் பார்க்க ஒரு காரணம்.

‘அதிநவீனம்’ என்று கட்டுரை அழைத்த பலூனுக்கும் இப்போது போட்டி வந்துவிட்டது. சூடோ குளிரோ இல்லாமல் நொடிக்கும் குறைவான மின்துடிப்புகளால் தசையின் உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்யும் புதிய முறைக்கு எஃப்டிஏ 2023 டிசம்பரில் முதல் அனுமதியை வழங்கியது. வந்துபோகும் வகையினர் 210 பேரிடம் சுவிட்சர்லாந்தில் நடந்து 2025இல் வெளியான ஒப்பீட்டில், கோளாறு திரும்பியோர் பலூன் அணியில் 50.7 சதவீதம், புதிய முறையில் 37.1 சதவீதம். நாளை அதற்கும் ‘நிரந்தரத் தீர்வு’ என்று தலைப்பு வைக்கத் தோன்றும். அப்போதும் அந்த 37.1ஐப் பார்த்துவிட்டு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடம் நான் வேண்டுவது சிறு திருத்தம் ஒன்றே. அடுத்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், கட்டுரை வந்த அதே அளவு எழுத்தில், ‘பலூன் சிகிச்சை செய்துகொண்டவர்களும் செய்துகொள்ள எண்ணுபவர்களும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, மூட்டுக் காய்ச்சலால் வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டுரையில் சொன்னது பொருந்தாது’ என்று வெளியிடுங்கள். எதிர்வீட்டு அக்கா மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மடித்து மாத்திரை டப்பாவுக்குள்ளேயே வைத்திருக்கிறார். திருத்தம் வந்ததும் அதையும் கத்தரித்து அதே டப்பாவில் அதன் மேலேயே வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசிஜி டெக்னீஷியன்,
திருநெல்வேலி.